பிரித்தானியப் பல்கலைக்கழகங்களும் பிறநாட்டு மாணவர் கட்டணமும்

உயர்கல்வி சமூகத்தின் பொதுச் சொத்தா, அன்றிச் சந்தையில் விலைகூறி விற்கப்படும் பண்டமா என்னும் வினாவுக்கு, பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் அண்மைக்கால வரலாறு தெளிவான விடை தருகின்றது.

1963இல் வெளியான றொபின்ஸ் அறிக்கை, பிறநாட்டு மாணவரின் கல்விக்காக அரசு ஏற்கும் செலவினை வெளிநாட்டுதவியின் ஒரு வடிவமாக நோக்கிற்று. குடியேற்ற நாடுகளின் வளத்தை நெடுங்காலம் உறிஞ்சிய அரசொன்று இதனை உதவி எனக் கருதியமை ஒருபுறமிருக்க, அன்று கட்டணத்தில் வேறுபாடு இருக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. 1967இல் தொழிற்கட்சி அரசாங்கமே அச்சமத்துவத்தைக் குலைத்தது. ஏறத்தாழ 70 பவுணாக இருந்த ஆண்டுக் கட்டணம் பிறநாட்டவருக்கு மட்டும் 250 பவுணாக்கப்பட்டது. 1979இல் ஆட்சியேறிய தாட்சர் அரசாங்கம், 1980 முதல் புதிதாகச் சேரும் பிறநாட்டு மாணவர் முழுச் செலவையும் தாமே ஏற்கவேண்டும் என விதித்தது. ஐரோப்பிய சமூக நாடுகளின் மாணவர் விலக்களிக்கப்பட்டனர். பொதுநலவாய நாடுகளின் மாணவரோ அந்நியராயினர். பிரித்தானியப் பொருள்களை இறுதித் தெரிவாகவே வாங்குக என 1981இல் மலேசியப் பிரதமர் மகாதீர் முகமது பணித்தமைக்கு இக்கட்டண உயர்வும் ஒரு காரணமாகும்.

அதே ஆண்டிலேயே பல்கலைக்கழகங்களுக்கான அரச மானியமும் வெட்டப்பட்டது. சல்போர்ட் பல்கலைக்கழகம் தன் மானியத்தில் 40 வீதத்துக்கு மேல் இழந்தது. இவ்விரு நடவடிக்கைகளையும் இணைத்து நோக்கும்போதே அவற்றின் பொருளாதார அடிப்படை புலனாகும். அரசு கைவிட்ட பொறுப்பு மாணவனின் தலையில் ஏற்றப்பட்டது. முதலிற் சுமந்தவன், அரசியற் பலமற்ற பிறநாட்டு மாணவன். அவனிடம் பரிசோதிக்கப்பட்ட கொள்கை பின்னர் உள்நாட்டு மாணவனையும் எட்டியது. அவனுக்கு 1998இல் 1,000 பவுண் கட்டணம் விதிக்கப்பட்டது. இங்கிலாந்தில் 2012இல் அதன் உச்சவரம்பு 9,000 பவுணாயிற்று.

பிறநாட்டு மாணவர் செல்வந்தர்; அவர்கள் கொடுப்பதில் தவறென்ன என்பாருமுளர். காணியை ஈடுவைத்தும் நகையை விற்றும் பிள்ளையை அனுப்பும் குடும்பங்களை அறிந்த நாம் இவ்வாதத்தை ஏற்பதற்கில்லை. இக்குடும்பங்களின் சேமிப்பே அங்குள்ள ஆய்வுகளின் பற்றாக்குறையையும் ஈடுசெய்கின்றது.

2022-23இல் பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் மொத்த வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பிறநாட்டு மாணவர் கட்டணமாகும். இந்த அத்திவாரம் எத்துணை உறுதியற்றது என்பது விரைவில் வெளிப்பட்டது. 2023இல் நைஜீரிய நாணயம் வீழ்ந்தது. 2024 ஜனவரியில் மாணவர் தம் குடும்பத்தினரை அழைத்துவரும் உரிமை பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. மாணவர் வருகை குறைந்ததும் பல்கலைக்கழகங்கள் ஆட்குறைப்பில் இறங்கின, துறைகள் மூடப்பட்டன.

மானியத்தைக் குறைத்துப் பிறநாட்டு மாணவரை நாடச் செய்த அரசே, குடிவரவுச் சட்டத்தால் அம்மாணவரைத் தடுக்கின்றது. இது நிருவாகத் தவறன்று. கல்வியைப் பண்டமாக்கியதன் உள்முரண்பாடாகும். கட்டணம் செலுத்தும் பட்டப்படிப்புகளை வருமான வழியாகக் கொள்ளுமாறு எமது பல்கலைக்கழகங்களும் தூண்டப்படும் இவ்வேளையில், இவ்வரலாறு எமக்கும் உரியதே.