கான்பெரா அங்கே ஏன் நிற்கிறது?

பெங்களூரு பழைய ஏர்போர்ட் ரோட்டில் எச்.ஏ.எல். நிறுவனம் 2001இல் திறந்த விமான அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே வருகிறவர்களின் கேமரா பெரும்பாலும் ஒரே கதையைத்தான் பதிவு செய்கிறது. 1951இல் பறந்த எச்டி-2 பயிற்சி விமானம், 1961இல் பறந்த மாருத் போர் விமானம், 1964இல் பறந்த கிரண் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் படமெடுத்து, இலகு ரகப் போர் விமானத்தின் முன் குடும்பத்தோடு நின்று முடித்துக்கொள்கிறார்கள். அருங்காட்சியகம் திறந்த அதே 2001ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி, பக்கத்து ஓடுபாதையிலிருந்துதான் அந்த இலகு ரக விமானமும் முதன்முதலாக மேலே எழும்பியது என்பதால் கதை இன்னும் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. நாமே வரைந்தோம், நாமே கட்டினோம், நாமே பறக்கவிட்டோம் என்ற இந்தக் கதையில் பொய் ஏதும் இல்லை. ஆனால் இது பாதிக் கதை. மறுபாதி அதே முற்றத்தில், யாரும் கேள்வி கேட்காமல் கடந்துபோகும் ஒரு விமானத்தின் உருவில் நிற்கிறது.

அது கான்பெரா. இங்கிலாந்தில் இங்கிலிஷ் எலெக்ட்ரிக் கம்பெனி செய்த இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானம். 1957இல் நம் விமானப்படைக்கு வந்து, 2007 மே மாதம் ஆக்ராவில் ஓய்வு பெற்றது. பிரிட்டன் தன் கடைசிக் கான்பெராக்களை விலக்கிக்கொண்டது 2006இல். செய்தவர்களைவிடச் சில மாதங்கள் கூடுதலாகவே நாம் அதைப் பறக்கவிட்டிருக்கிறோம். 1961இல் காங்கோ, அதே ஆண்டு கோவா, 1965, 1971, பிறகு கார்கில் என்று அது போகாத களம் குறைவு. பெங்களூரில் ஒரு கான்பெராவும் செய்யப்படவில்லை. அப்படியானால் எச்.ஏ.எல். தன் சொந்தக் கண்காட்சியில் அதற்கு எதற்காக இடம் கொடுத்தது? ஐம்பது ஆண்டுகள் அதைப் பறக்கும் நிலையில் வைத்திருந்த கைகளில் முக்கியமானவை பெங்களூரு ஓவர்ஹால் பிரிவின் கைகள். இந்த நகரத்தின் விமானத் தொழில் பழுதுபார்ப்பில் வேர்விட்டது. அதன் திறமையும் நற்பெயரும் அங்கேதான் உருவாயின. வடிவமைப்பு அதன்மேல் எழுந்த மாடி. முற்றத்தில் நிற்கும் உலோகத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தாலே இது விளங்கும் என்பதுதான் நான் சொல்லவருவது.

தொடக்கத்தைப் பார்ப்போம். 1939இல் வால்சந்த் ஹீராசந்த் என்ற தொழிலதிபர் பசிபிக் கடலைத் தாண்டும் விமானப் பயணம் ஒன்றில் வில்லியம் பாலி என்ற அமெரிக்கரைச் சந்தித்தார். பாலி சீனாவில், பர்மா எல்லையை ஒட்டிய லோய்விங்கில், விமானத் தொழிற்சாலை நடத்தியவர். இருவரும் இந்தியாவில் ஒரு தொழிற்சாலை தொடங்க இடம் தேடியபோது மைசூர் சமஸ்தானம் நிலம் கொடுத்துப் பங்காளியாகவும் சேர்ந்தது. கடற்கரையிலிருந்து தொலைவு, மிதமான வெயில், 1902 முதல் ஓடிக்கொண்டிருந்த சிவனசமுத்திரம் மின்சாரம், இந்திய அறிவியல் கழகம் என்று பெங்களூருக்குச் சாதகங்கள் பல. 1940 டிசம்பர் 23 அன்று, இன்றைய எச்.ஏ.எல்.லான ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் பதிவாயிற்று. எட்டே மாதத்தில், 1941 ஆகஸ்டில், ஹார்லோ பயிற்சி விமானம் ஒன்றை இங்கே பொருத்திப் பறக்கவிட்டார்கள். கர்ட்டிஸ் ஹாக் சண்டை விமானங்களையும் வல்ட்டீ குண்டுவீச்சு விமானங்களையும் செய்யும் திட்டமும் இருந்தது. ஜப்பான் இரண்டாம் உலகப் போரில் குதித்ததும் அத்தனையும் தலைகீழாயிற்று. 1942இல் இந்திய அரசு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. 1943இல் தொழிற்சாலை அமெரிக்க ராணுவ விமானப்படையின் கைக்குப் போனது. போர் முடியும்வரை அங்கே நடந்த முதன்மையான வேலை ஓவர்ஹால்தான். கேட்டலினா கடல்விமானம், மிட்செல் குண்டுவீச்சு விமானம், டகோட்டா என்று அடிபட்டும் தேய்ந்தும் வந்தவற்றைப் பிரித்து, துடைத்து, மாற்றவேண்டியதை மாற்றி, மறுபடி பூட்டி அனுப்பினார்கள். விமானம் செய்ய என்று தொடங்கிய இடம், விமானத்தைக் கழற்றியே தொழில் கற்றது.

அந்தப் படிப்பு எவ்வளவு ஆழமானது என்பதற்கு லிபரேட்டர் விமானங்களே சாட்சி. போர் முடிந்தபோது பிரிட்டிஷ் படை தன்னிடமிருந்த நான்கு எஞ்சின் லிபரேட்டர்களைக் கான்பூரில் குவித்துவைத்தது. வேறு யாரும் பயன்படுத்திவிடக்கூடாது என்று பலவற்றை வேண்டுமென்றே சிதைத்துவிட்டுப் போனது. விடுதலைக்குப் பிறகு நம் விமானப்படைக்குக் கனரகக் குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டது. வாங்கப் பணம் இல்லை. எச்.ஏ.எல். ஆட்கள் கான்பூருக்குப் போய், அந்தக் குவியலிலிருந்து தேறக்கூடியவற்றைப் பொறுக்கி, பெங்களூரு வரை வந்துசேரும் அளவுக்கு ஒப்பேற்றினார்கள். அவற்றை ஓட்டிவந்தவர் நிறுவனத்தின் சோதனை விமானி கேப்டன் ஜம்ஷெட் முன்ஷி. 1948 நவம்பரிலேயே முதல் விமானங்கள் படைக்குப் போய்விட்டன. மொத்தம் சுமார் நாற்பது விமானங்கள் இப்படி உயிர்பெற்று, 5ஆவது, 6ஆவது ஸ்குவாட்ரன்களில் 1968 வரை பறந்தன.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஓய்வுபெற்ற அந்த லிபரேட்டர்களை உலக அருங்காட்சியகங்கள் தேடிவந்து பெற்றுக்கொண்டன. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட விமானம்தான். போர் முடிந்ததும் அவர்களே உருக்கிவிட்டதால் முழுதாய் நின்றவை மிகச் சில. கனடாவின் ஒட்டாவா அருங்காட்சியகம் ஒன்றை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு லைசாண்டர் விமானத்தைத் தந்தது. அது இன்று டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்துக்கு 1969இல் ஒன்று போனது. பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு 1974இல் ஒன்று. இன்னொன்று அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளையிடம் சேர்ந்து, 1989இல் மறுபடி பறக்கத் தொடங்கியது. பாலத்திலும் ஒன்று நிற்கிறது. பெங்களூரின் மிகப் பெரிய கைவேலையை இப்படி அரிசோனாவிலும் ஒட்டாவாவிலும் போய்ப் படமெடுக்க முடிகிறது, பெங்களூரில் முடியாது.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும். எச்.ஏ.எல். ஒரு உற்பத்தி நிறுவனம். தான் செய்த பொருளைத்தான் காட்டும். பழுதுபார்த்த வண்டியை எந்த ஒர்க்ஷாப் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறது? நியாயம்தான். ஆனால் நிறுவனமே இந்த வாதத்தை ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் கான்பெராவை நிறுத்தியிருக்காது. உள்ளே இருக்கும் எஞ்சின் கூடமும் இதையே சொல்கிறது. பக்கவாட்டில் வெட்டி, மோட்டார் வைத்துச் சுழலவிட்டிருக்கும் அந்த எஞ்சின்கள் எதுவும் இங்கே பிறந்த வடிவமைப்பு இல்லை. ஆர்ஃபியஸ், டார்ட் இரண்டும் பிரிட்டனில் பிறந்தவை, அடூர் பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து உருவாக்கியது. உரிமம் வாங்கி இங்கே செய்தார்கள், பல்லாண்டுகள் பராமரித்தார்கள்.

ஆர்ஃபியஸ் எஞ்சினைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கவேண்டும். பிரிஸ்டல் கம்பெனியின் இந்த எஞ்சின் நேட் என்ற குட்டிச் சண்டை விமானத்துக்காக 1956இல் உரிமத்தோடு வந்தது. நேட்டின் மேம்பட்ட வடிவமான அஜீத்துக்கும் அதுதான். மாருத்தில் அதே வகையில் இரண்டு. கிரண் இரண்டாம் ரகத்துக்கும் அதுவே. சூர்ய கிரண் சாகச அணி பீதரிலிருந்து வந்து ஏலஹங்கா வானத்தில் 2011 வரை புகைக்கோலம் போட்டது அந்த எஞ்சினின் பலத்தில்தான். முற்றத்தில் மூன்று நான்கு பெயர்ப்பலகைகளோடு தனித்தனியாக நிற்கும் விமானங்கள், உண்மையில் ஒரே எஞ்சினைச் சுற்றி நடந்த நீண்ட குடித்தனம். முன்னாலிருந்து மூக்கையும் காக்பிட்டையும் மட்டும் படமெடுத்தால் இது தெரியாது. மாருத்தின் பின்புறம் போய் நிற்கவேண்டும். வாலுக்கடியில் இரண்டு குழல்வாய்கள் ஒட்டி ஒட்டி இருக்கும். உடம்பு இடுப்பில் சிறுத்து, இறக்கைகள் கூர்மையாகப் பின்வாங்கி, ஒலியின் இருமடங்கு வேகத்துக்காகவே கடையப்பட்ட வடிவம் அது. அதற்குக் கிடைத்ததோ தலா சுமார் 2,200 கிலோ உந்துவிசை கொண்ட இரண்டு நடுத்தர எஞ்சின்கள். ஒலி வேகத்தை எட்டிப்பிடிப்பதே அதற்குப் பெரும்பாடாயிற்று.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது, மாருத்தையே முன்வைப்பது. ஜெர்மானியப் பொறியாளர் குர்ட் டாங்க் 1956இல் இங்கே வந்தார். முழு அளவில் மரத்தால் ஒரு கிளைடர் செய்து 1959 முதல் எழுபதுக்கும் மேற்பட்ட முறை பறக்கவிட்டுச் சோதித்தார்கள். 1961 ஜூன் 17 அன்று விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் முதல் மாருத்தை ஓட்டினார். 147 விமானங்கள் செய்யப்பட்டன. 1971இல் ராஜஸ்தான் முனையில் சண்டை போட்டன. இவ்வளவும் நடந்த ஊரைப் பழுதுபார்க்கும் ஊர் என்று எப்படிச் சொல்லலாம்? கூடவே இன்னொரு கேள்வியும் வரும்: பழுதுபார்ப்பதில் பெருமை கொண்டதனால்தானே சொந்த எஞ்சின் இன்றுவரை வரவில்லை? இலகு ரகப் போர் விமானமான தேஜஸுக்குள் இருப்பதும் அமெரிக்க எஃப்-404தானே?

முதல் பகுதிக்குப் பதில், வடிவமைப்பை நான் மறுக்கவில்லை. அது எதன்மேல் நின்றது என்பதுதான் பேச்சு. எச்டி-2ஐ வரைந்த வி.எம். காட்கே ஜெர்மனியின் கோட்டிங்கனில் பிராண்டில் என்ற மேதையிடம் படித்தவர். 1942 டிசம்பரில் அறிவியல் கழகத்தில் தொடங்கிய விமானப் பொறியியல் துறையில் பாடம் நடத்தியவர். அவர் தாளில் போட்ட கோடுகளைத் தகடாக்கியது, ஓவர்ஹால் கொட்டகைகளில் ரிவெட் அடித்துப் பழகிய தலைமுறை. போர் முடிந்ததும் அவர்கள் கையில் விமான வேலை வற்றியபோது, ராணுவம் கழித்துவிட்ட டகோட்டாக்களைப் பயணிகள் விமானங்களாக மாற்றினார்கள். ரயில் பெட்டிகள்கூடச் செய்தார்கள். கைவேலை அறுபடாமல் இருந்ததால்தான் 1951இல் எச்டி-2 பறந்தது. இரண்டாவது பகுதி வேறு விஷயம். மாருத்துக்காக ஆர்ஃபியஸின் சக்திமிக்க வடிவம் ஒன்றை உருவாக்க பிரிட்டன் செலவுத்தொகை கேட்டது. டெல்லி தர முன்வரவில்லை. பிறகு எகிப்தின் எஞ்சினைப் பொருத்திப் பார்க்க ஒரு மாருத்தே ஹெல்வான் வரை போய்வந்தது, அதுவும் கைகூடவில்லை. 1970 ஜனவரியில், உந்துவிசை கூட்டிய மாருத் ஒன்றைச் சோதிக்கும்போது சுரஞ்சன் தாஸ் இறந்தார். எச்.ஏ.எல். பக்கம் அவர் பெயரில் ஒரு ரோடு இருக்கிறது. நெரிசலில் ஊர்ந்துபோகிற எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரியுமோ. தவறியது பணமும் முடிவும். அந்தப் பழியைப் பட்டறை மேசைமீது போடுவது முறையாகாது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: பிறர் எஞ்சினை ஐம்பது ஆண்டுகள் ஓட்டும் திறமை தானாகவே புது எஞ்சின் செய்யும் திறமையாக மாறுவதில்லை.

இனி கேமரா விஷயம். விமானங்கள் பணியில் இருந்த காலத்தில் பொதுமக்கள் அவற்றைக் கிட்டத்தில் போய்ப் படமெடுப்பது எளிதாக இருக்கவில்லை. 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 13ஆம் விதி அரசு விமான நிலையங்களில் அனுமதியின்றிப் படமெடுப்பதைத் தடுத்தது. ராணுவ இடங்களுக்கு 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் வேறு. ஆகவே 1940கள் தொடங்கி பெங்களூரு கொட்டகைகளுக்குள் நடந்த வேலையின் படங்கள் பெரும்பாலும் நிறுவனத்திடமும் அரசிடமுமே இருக்கின்றன. பத்தாண்டு பத்தாண்டாக அவற்றை வரிசைப்படுத்தியிருக்கும் படக்கூடத்தை, வெளியே நிற்கும் ஜெட்டுகளின் அவசரத்தில் பலரும் ஓட்டமாகக் கடந்துவிடுகிறார்கள். தொழிலாளிகளின் முகங்கள் இருப்பது அங்கேதான். பொதுமக்கள் கேமரா கிட்ட நெருங்க முடிந்தது பெரும்பாலும் விமானம் ஓய்வுபெற்று முற்றத்துக்கு வந்தபிறகுதான். அப்படியானால் அந்தப் படங்கள் வெறும் நினைவுப்பொருளாக நின்றுவிடத் தேவையில்லை, ஆவணமாகவும் ஆகலாம்.

வெயிலிலும் மழையிலும் நின்று, மேலே மேலே பெயின்ட் பூசப்பட்ட விமானம் என்ன ஆவணம், எண்ணும் குறியும்கூட மாறிப்போயிருக்கலாமே என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். இப்படி நிற்கும் விமானத்தின் நிறத்தை நம்பி ஒரு ஸ்குவாட்ரனின் வரலாற்றை எழுதுவது ஆபத்து. பெயின்டால் மறைக்கமுடியாதவையும் உண்டு. ஒரு தகட்டின்மேல் இன்னொரு தகட்டை ஒட்டுப்போட்ட இடம், வரிசை தப்பி அடித்த ரிவெட்டுகள், சக்கரக் குழிக்குள் திருகியிருக்கும் சிறு உலோகப் பட்டயம், திரும்பத் திரும்பத் திறந்து மூடியதில் விளிம்பு தேய்ந்த மூடிகள். ஓவர்ஹால் எழுதிவைத்துவிட்டுப்போகும் கையெழுத்து இவைதான். ஒரே விமானத்தைப் பத்து வருட இடைவெளியில் இருவர் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்தால், எது பழைய தடம், எது புதுப் பூச்சு என்று பிரித்தும் சொல்லிவிடலாம்.

எச்.ஏ.எல்.லுக்கு ஒரு வேண்டுகோள். முற்றத்தில் நிற்கும் ஒவ்வொரு விமானத்தின் பக்கத்திலும் எடை, வேகம், இறக்கை நீளம் போடுகிற பலகையில் இன்னும் இரண்டு வரி சேர்க்கவேண்டும்: இது எத்தனை முறை ஓவர்ஹாலுக்கு வந்தது, எந்தெந்த ஆண்டு. பராமரிப்புப் பதிவேடு இல்லாமல் எந்த ராணுவ விமானமும் பறப்பதில்லை. லிபரேட்டரைத் திரும்பக் கொண்டுவருவது நடக்கிற காரியம் இல்லை. அது இந்த ஊரில் உயிர்பெற்ற கதைக்குப் படக்கூடத்தில் ஒரு சுவர் ஒதுக்குவது நடக்கிற காரியம். போகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான்: மூக்கை எடுத்து முடித்ததும் விமானத்தைச் சுற்றி வால்பக்கம் போங்கள், குனிந்து சக்கரக் குழியைப் பாருங்கள், எண் பட்டயம் கண்ணில் பட்டால் தெளிவாக ஒரு படம் எடுத்துத் தேதியோடு வைத்திருங்கள்.