கொப்பியும் தராசும்: ஓப்பநாயக்கத் தோட்டப்புறத்தில் வணிக நல்லெண்ணம் உருவாகும் இடம்

பழைய வாடிக்கையாளர் பழைய கடைக்கே திரும்பி வருவார் என்ற வாய்ப்புத்தான் ஒரு வணிகத்தின் நன்மதிப்பு என்று 1810இல் இங்கிலாந்தின் எல்டன் பிரபு ஒரு தீர்ப்பில் சொன்னார். சட்டக் கல்லூரிகளில் இன்றும் எடுத்தாளப்படும் வரையறை அது. லண்டன் தெருவில் கடைக்குக் கடை தாவக்கூடிய மனிதரை மனதில் வைத்துச் சொன்னது. தாவ முடியாத மனிதர் இருக்கும் இடத்தில் அது என்ன பொருள் தரும்? இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்திலுள்ள ஓப்பநாயக்கவையும் அதைச் சூழ்ந்த தேயிலை, ரப்பர் தோட்டங்களையும் வைத்து இந்தக் கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் வாதம் இது. தோட்டப்புறத்தில் ஒரு வணிகத்துக்கான நல்லெண்ணம் கோயில் திருவிழா நன்கொடையிலோ பாடசாலைக்குக் கொடுக்கும் கொப்பி, பேனையிலோ பிறப்பதில்லை. கணக்கு எழுதப்படும் இடத்தில்தான், அதாவது கடைக்காரரின் பற்றுக் கொப்பியிலும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசிலும்தான், அது பிறக்கிறது அல்லது செத்துப்போகிறது. பலம் குறைந்த தரப்பு தானே பார்த்துச் சரிபிழை சொல்லக்கூடிய கணக்கு இருந்தால் நல்லெண்ணம் உண்டு. அது இல்லாத இடத்தில் கொடுக்கப்படும் நன்கொடை, வாங்கியவர் மனதில் கடனாகவோ சந்தேகமாகவோதான் தங்குகிறது.

ஓப்பநாயக்க, கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பெல்மதுளை வழியாகப் பலாங்கொடை நோக்கிப் போகும் ஏ4 வீதியில் உள்ள சிறு நகரம். களனிப் பள்ளத்தாக்குக் குறுகிய அகல ரயில்பாதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குவரை நீண்டது. இதுவே அதன் கடைசி நிலையமாக இருந்தது. 1970களில் அவிசாவளைக்கு அப்பாலான பகுதி மூடப்பட்டது. நுவரெலியாவைப் போல மலை முழுக்கத் தோட்டமும் தமிழருமாக அடர்ந்த நிலம் அல்ல இது. சிங்களக் கிராமங்களுக்கு இடையே தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. கிராமத்துச் சிறு தேயிலை உடைமையாளரும் லயத்துத் தொழிலாளியும் ஒரே கடைவீதிக்குத்தான் வருகிறார்கள். வணிகரும் தொழிற்சாலைகளும் இரண்டு சமூகங்களோடு, இரண்டு மொழிகளில் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டிய ஊர். ஆய்வுக்கு இதைத் தேர்ந்ததற்குக் காரணமும் அதுதான்.

முதலில் பழைய கதை. தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி முறையில் தொழிலாளி ஊரைவிட்டுப் புறப்படும்போதே கடனாளி. வழிச்செலவு, முற்பணம், அரிசி எல்லாம் பெரிய கங்காணியின் கணக்கில் ஏறும். ஆளுக்கு ஆள் தோட்டம் அவருக்குத் தலைக்காசு கொடுக்கும். பல தோட்டங்களில் கடையும் அவருடையதே. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், கடனைக் கட்டினால் ஆளை விடுவிப்போம் என்று எழுதிய 'துண்டு' வேண்டும். 1921இல் சட்டத்தின் மூலம் துண்டு முறை ஒழிக்கப்படும்வரை இதுவே நடைமுறை. அந்தக் கடையின் வாடிக்கையாளர் நூற்றுக்கு நூறு பேரும் திரும்பி வந்தார்கள். எல்டன் பிரபுவின் அளவுகோலின்படி அதைவிட நன்மதிப்பு மிக்க வணிகம் உலகில் இல்லை! அளவுகோல் எங்கே பிழைபடுகிறது என்பது தெளிவு. வேறு வழியில்லாமல் வருவதையும் விரும்பி வருவதையும் அது பிரித்தறிவதில்லை. பொருளியலாளர் ஆல்பர்ட் ஹேர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலில் விலகல், குரல், விசுவாசம் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது இதற்காகவே. விலகும் வழி திறந்திருக்கும்போதுதான் தங்கி நிற்பதற்கு மதிப்பு.

கங்காணியின் கணக்கு தொழிலாளியின் கண்ணில் படாத கணக்கு. அடுத்து வந்த நகரக் கடையின் பற்றுக் கொப்பியில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. மலையகக் கடைவீதிகளில் எவரும் அறிந்த வழக்கம்தான். கொப்பிகள் இரண்டு. ஒன்று கடை மேசையில், மற்றது வீட்டில். மா, பருப்பு, மண்ணெண்ணெய், கருவாடு என்று எடுக்கும்போதெல்லாம் இரண்டிலும் எழுதப்படும். பத்தாந் திகதியளவில் சம்பளம் போட்டதும் இரண்டையும் ஒத்துப் பார்த்துத் தீர்ப்பார்கள். முழுதும் தீர்வது அரிது. மிச்சம் அடுத்த மாதத்துக்கு ஏறும். எழுத்தறியாத தாய், பள்ளிக்கூடம் போகும் மகளை அழைத்துவந்து கூட்டல் பார்க்கச் சொல்வதும் உண்டு. அந்தப் பிள்ளை கூட்டி முடிக்கும்வரை பொறுமையாக நிற்கும் முதலாளிக்கும், "எல்லாம் சரியாத்தான் இருக்கு, போம்மா" என்று கொப்பியை மூடும் முதலாளிக்கும் உள்ள தூரமே இக்கட்டுரையின் பொருள்.

2022ஆம் ஆண்டு நெருக்கடி இந்தக் கொப்பியைக் கடுமையாகச் சோதித்தது. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். தோட்டத்து வீட்டின் முதல் உணவு ரொட்டி. கோதுமை மா விலை ஏறியபோது எந்த வீடும் தப்பவில்லை. இப்போது ஒரு கணக்கு. மாதம் 12ஆம் திகதி ஐந்து கிலோ மா எடுத்தவர் அடுத்த மாதம் 10ஆம் திகதி எந்த விலையில் கொடுக்க வேண்டும்? எடுத்த நாள் விலை எழுதிய கொப்பியென்றால் நட்டம் கடைக்காரருக்கு. வாங்கிய காசில் அதே ஐந்து கிலோவைத் திரும்பக் கொள்முதல் செய்ய அவரால் முடியாது. விலை எழுதாமல் 'மா 5' என்று மட்டும் எழுதி, தீர்க்கும் நாளில் அன்றைய விலையைப் போட்டால் நட்டம் முழுவதும் தொழிலாளிக்கு.

இந்த இரண்டில் முதலாவதையே நியாயம் என்று சொல்லிவிடுவது எளிது. நான் அப்படிச் சொல்லமாட்டேன். எடுத்த நாள் விலையிலேயே நின்ற சிறு கடை, சரக்கு நிரப்ப வழியின்றி மூடப்பட்டால் அயலுக்கும் அது நன்மையல்ல. எந்த விலை என்பது எடுக்கும் நேரத்திலேயே இரு தரப்புக்கும் தெரிந்திருந்ததா என்பதே முக்கியம். இனிமேல் கடன் பாதி, கைக்காசு பாதி என்று முன்கூட்டிச் சொன்ன கடை வாடிக்கையை இழந்திருக்கலாம், மதிப்பை இழக்கவில்லை. விலையை மறைத்துக் கொப்பியில் வெற்றிடம் விட்ட கடையோ வாடிக்கையைக் காப்பாற்றிக்கொண்டு மதிப்பைத் தொலைத்தது. தட்டுப்பாட்டின்போது பால்மாவையும் மண்ணெண்ணெயையும் யாருக்கு ஒதுக்கினார்கள் என்பதும் அப்படியே. ஊர் இதை நீண்ட நாள் நினைவில் வைத்திருக்கும்.

தராசு கொப்பியைவிடப் பெரிய விடயம். ஏனெனில் கொப்பியில் ஓடுவது செலவுக் கணக்கு, தராசில் ஓடுவது வரவுக் கணக்கு. இலங்கைத் தேயிலையில் பெரும்பங்கு இன்று தோட்டக் கம்பனிகளிடமிருந்து வருவதில்லை. சிறு உடைமையாளர்களிடமிருந்து வருகிறது. இரத்தினபுரி மாவட்டம் அவர்கள் மிகுந்த மாவட்டங்களில் ஒன்று. அவர்களுடைய கொழுந்தை வாங்கும் தொழிற்சாலைகள் கொடுக்க வேண்டிய விலைக்குச் சூத்திரம் உண்டு. கொழும்பு ஏலத்தில் தொழிற்சாலைக்குக் கிடைத்த தேறிய சராசரி விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து தேவை. ஏல விலை 1,000 ரூபா என்று வைத்தால், ஒரு கிலோ கொழுந்துக்கு ஏறத்தாழ 150 ரூபா வரும்.

விலை இப்படி வெளிச்சத்தில் இருப்பதால் போட்டி இருட்டுக்குள் போகிறது. ஈரத்துக்கும் சாக்கு எடைக்கும் முற்றிய இலைக்கும் 'கழிவு' உண்டு. மழை பெய்த காலையில் கொழுந்து ஈரமாகத்தான் இருக்கும். கழிவு தவறே என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் 100 கிலோவுக்கு நான்கு கிலோவா, எட்டுக் கிலோவா என்று தீர்மானிப்பவர் லொறியோடு வரும் சேகரிப்பாளர். நான்கு கிலோ என்றால் மேற்சொன்ன கணக்கில் 600 ரூபா, எட்டென்றால் 1,200. சூத்திரம் கொடுத்த வீதத்தைக் கழிவு திரும்ப எடுத்துக்கொள்கிறது. பக்கத்து லொறிக்கு மாறும் வழி சிறு உடைமையாளருக்கு உண்டு. சில ரூபாய் கூடக் கொடுக்கும் தொழிற்சாலையை விட்டுவிட்டு, கழிவை ஒரே அளவில் வைத்திருக்கும் தொழிற்சாலைக்கே பலர் கொழுந்தைக் கொடுப்பதை விலை மட்டும் பார்த்து விளங்கிக்கொள்ள முடியாது.

தோட்டத்து மடுவத்தில் நிலைமை வேறு. அங்கே கொழுந்து எடுப்பவர் கிலோவை விற்பதில்லை, 'பேர்' வாங்குகிறார், அதாவது ஒரு நாள் சம்பளத்துக்கான பதிவு. நாளுக்குரிய அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 19 கிலோ எடுத்தவருக்கு இரண்டு கிலோ கழிவு போட்டால் கணக்கு 17. அளவு எட்டாததால் அரைப்பேர் போடும் தோட்டமாயிருந்தால், அந்த இரண்டு கிலோ அரைநாள் சம்பளத்தைக் கொண்டுபோகிறது. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் அது 675 ரூபா. சிறு உடைமையாளரின் இரண்டு கிலோ 300 ரூபா; கொழுந்து எடுப்பவரின் இரண்டு கிலோ 675 ரூபா. தராசு ஒன்றுதான், ஆனால் விலகும் வழி உள்ளவருக்கு அது குறைவாகவே வலிக்கிறது. இந்தக் கணக்கு தெரியாமல், சம்பளம் கூட்டியும் ஏன் மனத்தாங்கல் தீரவில்லை என்று கம்பனிகள் வியப்பது வீண். 2021இல் 1,000 ரூபா நாட்சம்பளம் வந்தபோதும் மலைகளில் முதலில் எழுந்த கேள்வி அளவைக் கூட்டிவிட்டார்களா என்பதே.

அதே தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போகும்போது நிலைமை நேரெதிர். 1883இல் தொடங்கிய அந்த ஏலத்தில் ஒவ்வொரு தொழிற்சாலையின் தேயிலையும் தனக்கென்று ஒரு விற்பனைப் பெயரோடு விலைபோகிறது. தாழ்நிலத் தேயிலையை ஈராக்குக்கும் துருக்கிக்கும் வாங்குபவர் முன்கூட்டியே மாதிரியை ருசி பார்க்கிறார், எடையைச் சரிபார்க்கிறார், பிழையிருந்தால் கேட்கிறார். அந்தப் பெயருக்குக் கிடைக்கும் கூடுதல் விலையே நன்மதிப்பின் பண வடிவம். சரிபார்க்கும் உரிமையிலிருந்தே அது விளைந்தது. கடல் கடந்த வாடிக்கையாளருக்குக் கொடுத்த உரிமையை மடுவத்தில் நிற்பவருக்குக் கொடுக்காத நிறுவனம், அயலின் நல்லெண்ணத்தை மட்டும் வேறு வழியில் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறது.

கணக்கியலும் இந்த மயக்கத்துக்கு உதவுகிறது. இலங்கைக் கணக்கீட்டு நியமம் 38இன்படி, நிறுவனம் தானே வளர்த்துக்கொண்ட நன்மதிப்பைச் சொத்தாகக் காட்ட முடியாது. வேறொருவர் அந்த நிறுவனத்தை வாங்கும்போதுதான் அது எண்ணாகத் தோன்றும். அதனால் தராசைத் திருத்தச் செலவிட்ட பணம் வெறும் செலவாகிறது. மருத்துவ முகாம் நடத்திய பணமோ ஆண்டறிக்கையில் வண்ணப் படத்தோடு வருகிறது. முகாம்கள் பயனற்றவை என்பதல்ல. 2003, 2017 வெள்ளங்களில் இரத்தினபுரி மாவட்டம் மூழ்கியபோது உலர் உணவும் படகும் கொடுத்தவர்களை ஊர் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் அது இடர்கால அறம். அன்றாட வணிகத்தின் கணக்குக்கு அது ஈடாகாது.

கிராமத்து அயலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்ப் பனை நட்ட கம்பனிகள் சப்ரகமுவவில் கிராம மக்களின் எதிர்ப்பைச் சந்தித்தன. நீரூற்று வற்றுகிறது என்பதே அவர்கள் முறைப்பாடு. 2021 ஏப்ரலில் அரசு எண்ணெய்ப் பனைச் செய்கையைத் தடைசெய்தது. நீர் உண்மையில் எவ்வளவு குறைந்தது என்ற அறிவியல் விவாதத்துக்குள் நான் போகவில்லை. நடுவதற்கு முன் ஊற்றின் நீரளவைக் கிராமத்தவரோடு சேர்ந்து அளந்து குறித்துவைத்திருந்தால், அந்த விவாதம் எண்களோடு நடந்திருக்கும். சேர்ந்து அளந்த கணக்கு இல்லாத இடத்தில் வதந்திக்கும் உண்மைக்கும் ஒரே எடை.

இந்த வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு, அதை மறைக்க முடியாது. 1977இலும் 1981 ஆகஸ்டிலும் இரத்தினபுரி மாவட்டத்தில் தமிழர் கடைகளும் லயங்களும் தாக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. பல குடும்பங்கள் வன்னிக்குப் பெயர்ந்தன. நேர்மையாகக் கணக்கு வைத்த கடைகளையும் நெருப்பு விட்டுவைக்கவில்லை. திட்டமிட்டு ஏவப்பட்ட வன்முறையின் முன் அயலாரின் நல்லெண்ணம் போதுமான வேலி அல்ல. பாதுகாப்பு அரசின் கடமை. அரசு செய்யாததைக் கடைக்காரரின் நற்பெயர் செய்யும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

ஆனால் தராசும் கொப்பியும் சம்பளத் துண்டும் வணிகரின் கையில் இருப்பவை. சம்பளத் துண்டை எடுத்துப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், சங்கச் சந்தா, கோயில், தேயிலைத் தூள், தீபாவளி முற்பணத்தின் தவணை என்று கழிவுகள் வரிசையாக நிற்கும். அதை வாங்குபவர் வாசிக்கும் மொழியில் அது அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க ஆய்வாளர் தேவையில்லை. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டத்தின் கீழ் வணிகத் தராசுகள் சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற வேண்டும் என்பதும் புதிய செய்தி அல்ல.

ஆகவே சப்ரகமுவத் தோட்டக் கம்பனிகளிடமும் கொழுந்து வாங்கும் தொழிற்சாலைகளிடமும் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தராசின் முகத்தைக் கொழுந்து கொடுப்பவர் பக்கம் திருப்பி வையுங்கள். கழிவு எவ்வளவு, எதற்கு என்பதை மடுவத்துச் சுவரில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த ஆண்டறிக்கையில் நன்கொடைப் பட்டியலை அச்சிடுவதற்கு முன், அந்த ஆண்டின் கழிவுப் பட்டியலை அச்சிடுங்கள்.