அல்புமின் குறைஞ்சா கொரோனா தீவிரமாகுமா? ரத்தப் பரிசோதனை எண்கள் உண்மையில் சொல்வது என்ன?

கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்த ஒருவரின் லேப் ரிப்போர்ட்டில் அல்புமின் 2.8 என்று இருக்கிறது. பக்கத்திலேயே கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி. ‘உடம்புல சத்தே இல்ல, அதான் நோய் முத்திடுச்சு’ என்று குடும்பம் முடிவு கட்டுகிறது. புரோட்டீன் பவுடர் டப்பாவும் அவித்த முட்டையும் வார்டுக்கு வந்து சேர்கின்றன.

இந்த முடிவில் பாதி சரி. மீதிப் பாதியில்தான் சிக்கல்.

ஊட்டச்சத்துக்கும் நோயின் தீவிரத்துக்கும் தொடர்பு இருக்கா?

இருக்கிறது. தொற்று முதலில் கண்டறியப்பட்ட சீனாவின் வூஹான் நகரில், சிகிச்சையில் இருந்த 182 முதியவர்களிடம் 2020-ல் ஆய்வு நடந்தது. அவர்களில் 52.7 சதவீதம் பேருக்கு ஊட்டச்சத்துக் குறைபாடு இருந்தது. மேலும் 27.5 சதவீதம் பேர் அந்த நிலைக்குப் போகும் அபாயத்தில் இருந்தார்கள். ஐந்தில் நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள், அல்புமின் குறைந்தவர்கள், கெண்டைக்கால் சுற்றளவு குறைந்தவர்களிடம் இது அதிகம் காணப்பட்டது.

கொரோனாவுக்கும் கெண்டைக்காலுக்கும் என்ன சம்பந்தம்? அது தசையின் அளவைக் காட்டும் எளிய அளவுகோல். முதியவர்களுக்கு 31 செ.மீ-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். மூச்சை இழுத்து விடவும், இருமி சளியை வெளியே தள்ளவும் தசைதான் வேலை செய்தாகணும். கடும் காய்ச்சலில் உடம்பு தனக்கு வேண்டிய புரதத்தைத் தசையைக் கரைத்தே எடுத்துக்கொள்கிறது. வாசனையும் ருசியும் போய், பசியும் செத்துவிட்டால் உள்ளே வருவதும் நின்றுவிடும். ஏற்கெனவே தசை குறைந்த ஒருவருக்குக் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

மருத்துவர்கள் போடும் கணக்கு எது?

அதிகம் பேசப்பட்டது ‘ஊட்டச்சத்துக் குறியீடு’. ஜப்பானில் ஒனோடெரா என்ற மருத்துவரின் குழு 1984-ல் குடல் அறுவை சிகிச்சை நோயாளிகளுக்காக உருவாக்கியது இது. அல்புமினை 10-ஆல் பெருக்கணும். லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையை 0.005-ஆல் பெருக்கிக் கூட்டணும். அவ்வளவுதான்.

அல்புமின் 4, லிம்போசைட் 2000 என்றால் விடை 50. அல்புமின் 2.8, லிம்போசைட் 700 என்றால் 31.5. கொரோனா தீவிரமானவர்களுக்கும் உயிரிழந்தவர்களுக்கும் இந்த எண் குறைவாக இருந்ததைப் பல ஆய்வுகள் காட்டின.

சிக்கல் எங்கே?

இந்தக் கணக்கில் உள்ள இரண்டு எண்களையும் வைரஸே கீழே இறக்கிவிடும். லிம்போசைட் குறைவது கொரோனாவின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று. உடம்பில் அழற்சி கூடும்போது கல்லீரல் அல்புமின் தயாரிப்பைக் குறைத்துவிட்டு, சி.ஆர்.பி. போன்ற புரதங்களைத் தயாரிக்கப் போய்விடுகிறது. ரத்தக்குழாய்களில் இருந்தும் அல்புமின் வெளியே கசிகிறது.

இன்னொன்றையும் கவனிக்கணும். ரத்தத்தில் உள்ள அல்புமின் பாதியாகக் குறையவே சுமார் 20 நாள் ஆகும். மூன்று நாள் சாப்பிடாததால் மட்டும் அது 2.8-க்கு விழாது. மாறாக, பட்டினியால் எலும்பும் தோலுமாக மெலிந்தவர்களில் பலருக்கு, தொற்று எதுவும் இல்லாவிட்டால், அல்புமின் கிட்டத்தட்ட இயல்பாகவே இருப்பதுண்டு.

ஆக, அல்புமின் குறைவு ஆபத்தைச் சரியாகவே எச்சரிக்கிறது. ஆனால் அது சாப்பாட்டுக் குறைவை அளப்பதைவிட நோயின் வேகத்தைத்தான் அதிகம் அளக்கிறது. அல்புமினை ஊட்டச்சத்து அளவுகோலாகப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவின் மருத்துவ ஊட்டச்சத்து அமைப்பான ஆஸ்பென் கூறிவிட்டது.

அப்போ சத்து மாத்திரை?

பிரேசிலில் மருத்துவமனையில் இருந்த 240 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், 2 லட்சம் யூனிட் வைட்டமின் டி ஒரே டோஸாகக் கொடுத்தும் மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறையவில்லை. அமெரிக்காவில் 214 பேருக்கு நடந்த துத்தநாகம், வைட்டமின் சி சோதனை, பலன் தெரியாததால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. இரண்டும் 2021-ல் வெளியான முடிவுகள். ரத்தத்தில் ஒரு சத்து குறைந்திருப்பது ஆபத்தின் அறிகுறி என்பதாலேயே, அதைக் கொடுத்தால் ஆபத்து நீங்கிவிடும் என்று ஆகாது.

குண்டாக இருப்பவருக்குக் குறைபாடு வராதா?

வரும், கண்ணுக்குத்தான் தெரியாது. 90 கிலோ இருந்தவர் இரண்டு மாதத்தில் 80 கிலோ ஆனால், பார்க்க நல்ல உடம்பாகவே இருப்பார். ஆனால் ஆறு மாதத்துக்குள் 10 சதவீதத்துக்கு மேல் எடை தானாகக் குறைவது தீவிரக் குறைபாட்டின் அடையாளம். உடல் பருமனே கொரோனாவைத் தீவிரமாக்கும் என்பது தனிக்கதை.

வீட்டில் இருப்பவர்கள் என்ன சொல்லணும்?

லேப் எண்ணைவிட மருத்துவருக்கு உதவும் தகவல் குடும்பத்திடம்தான் இருக்கிறது. சமீப மாதங்களில் எடை எவ்வளவு குறைந்தது, பேன்ட் இடுப்பில் தொளதொள ஆகிவிட்டதா, கடந்த ஒரு வாரத்தில் வழக்கத்தில் எவ்வளவு பங்கு சாப்பிட்டார் என்பதை அட்மிஷன் போடும்போதே சொல்லிவிடலாம்.

ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்து அமைப்பான எஸ்பென் 2020-ல் தந்த வழிகாட்டுதலின்படி, முதியவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 1 கிராம் புரதமாவது தினமும் தேவை. 60 கிலோ உள்ளவருக்கு 60 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது சுமார் 6 கிராம்தான் என்பதால் பருப்பு, பால், மீன் எல்லாம் சேர்ந்தால்தான் கணக்கு வரும். ஒரே வேளையில் திணிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுக்கலாம். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவருக்கு மட்டும், புரோட்டீன் பவுடர் டப்பாவைத் திறப்பதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.