முடங்கிய கையும் முகத்தில் மாட்டும் கருவியும்

பக்கவாதத்தைப் பாரிசவாயு என்று வழங்கிய நாளில், அதனை வாயுவின் கோளாறு என்றே நம்மவர் கருதினர். மேல்நாட்டாரும் உடலின் நீர்மங்கள் நிலைபிறழ்வதே காரணம் என்று நெடுங்காலம் நம்பினர். நோயின் இருப்பிடம் மூளையே என்பதை 1658-ஆம் ஆண்டில் வெப்ஃபர் என்னும் சுவிட்சர்லாந்து மருத்துவர் நூலெழுதிக் காட்டினார். இறந்தோர் உடலை அறுத்தாராய்ந்து, மூளைக்குள் குருதி கசிந்திருப்பதை அவர் கண்டார்.

காரணம் தெரிந்தது, கை எழவில்லை. வளர்ந்தோர் மூளையில் நரம்பு வழிகள் மாறாதவை என்று ஸ்பெயின் நாட்டுப் பேரறிஞர் காஹால் எழுதியதை மருத்துவ உலகம் வேதவாக்காகக் கொண்டது. அந்நிலையை மாற்ற வருங்கால அறிவியல் முயல வேண்டும் என்று அவரே விரும்பியதைப் பலர் மறந்தனர்! விளைவு என்ன? நோயாளிக்கு ஊன்றுகோலைக் கொடுத்து, நல்ல கையால் வேலை செய்யப் பழக்கி வீட்டுக்கு அனுப்புவதே பல இடங்களில் மருத்துவமாயிற்று.

அந்த நம்பிக்கையைத் தகர்த்தவற்றுள் 1996-இல் அமெரிக்காவில் நூடோ குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்று. மூளையில் சிறு பகுதி பழுதான குரங்குகளை, நலிந்த கையாலேயே சிறு குழிகளிலிருந்து உணவை எடுக்கப் பழக்கினர். பழகிய குரங்குகளில், பழுதுக்கு அண்மையில் கைக்குரிய பகுதி சுருங்காமல் நின்றது. சிலவற்றில் முழங்கைக்கும் தோளுக்கும் உரிய இடத்திலும் பரவியது. திரும்பத் திரும்பச் செய்தலே மூளையைத் திருத்துகிறது. கோடிட்ட ஏட்டில் பிள்ளைகளை எழுதப் பழக்கும் ஆசிரியர்க்கு இது வியப்பளிக்காது.

ஆனால், அசையவே மாட்டாத கையை எப்படிப் பழக்குவது? இங்கேதான் கண்ணாடி வருகிறது. தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கலிபோர்னியாவில் பேராசிரியரான வி. எஸ். ராமச்சந்திரன், கையிழந்தோர் இல்லாத கையில் உணரும் வலியைத் தணிக்க 1990-களில் ஒரு கண்ணாடிப் பெட்டியை அமைத்தார். இருக்கும் கையின் நிழலுரு இழந்த கையின் இடத்தில் தோன்றும். மூளை அதனை நம்பும். 1999-இல் அவரும் உடனாய்வாளரும் இதே உத்தியைப் பக்கவாதமுற்ற ஒன்பது பேரிடம் சோதித்து, பயன் தென்படுவதாக அறிவித்தனர். சில வெள்ளி விலையுள்ள கண்ணாடி செய்த வேலை இது!

தலையில் மாட்டும் மெய்நிகர்க் காட்சிக் கருவி இக்கண்ணாடியின் வழித்தோன்றல் எனலாம். அதன் மூதாதையும் கண்ணாடிதான். 1838-இல் வீட்ஸ்டன் இரு கண்ணாடிகளைக் கொண்டு, இரு கண்ணுக்கும் வெவ்வேறு படம் காட்டி ஆழத்தைத் தோற்றுவித்தார். 1968-இல் அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லாந்து கணினியின் கோட்டுப் படங்களைக் கண்முன் நிறுத்தும் தலைக்கருவியைச் செய்தார். தலையசைவை அளக்கும் அதன் உறுப்பு கூரையிலிருந்து தொங்கியது. பொதுமக்கள் வாங்கத்தக்க கருவிகள் பல 2016-இல் கடைக்கு வந்தன.

கண்ணாடி காட்டுவது நல்ல கையின் அசைவை மட்டுமே. இக்கருவியோ, முடங்கிய கை ஓரங்குலம் நகர்ந்தாலும் கிண்ணத்தை எட்டிப் பிடித்ததாகக் காட்ட வல்லது. சலிப்புற்ற நோயாளியை விளையாட்டாகவே நூறு முறை முயலச் செய்யும். சிலர்க்குத் தலைசுற்றலும் தரும் என்பதை விற்போர் உரக்கச் சொல்வதில்லை.

பயன் எவ்வளவு? தலைக்கருவியன்று, திரையில் ஆடும் வீ விளையாட்டைக் கொண்டு கனடா முதலிய நான்கு நாடுகளில் 141 நோயாளிகளிடம் நடந்த சோதனை 2016-இல் வெளியாயிற்று. ஒரு சாரார் திரை விளையாட்டு ஆடினர். மறு சாரார் சீட்டு, பிங்கோ, மரக்கட்டை அடுக்குதல் முதலியவற்றில் அதே நேரத்தைச் செலவிட்டனர். இரு சாராரின் கையும் தேறின, வேறுபாடு இல்லை.

2017-இல் 72 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் அறிஞர்களும், சம நேரம் பழகினால் மெய்நிகர்ப் பயிற்சி வழக்கமான பயிற்சியை விஞ்சவில்லை என்றனர். வழக்கமான பயிற்சியோடு கூடுதலாகச் சேர்த்தபோதே கை மேலும் தேறியது. 190 சோதனைகளை ஆராய்ந்த 2025-ஆம் ஆண்டுப் பதிப்பு, கைக்குச் சிறிதளவு மேன்மை உண்டாகலாம் என்கிறது. அச்சோதனைகளுள் பெரும்பாலானவை ஐம்பது பேருக்கும் குறைவானோரிடம் நடந்தவை.