சராசரியும் சிறு மாதிரியும்



1867ஆம் ஆண்டில், கண்டியை அடுத்த லூல்கந்துரத் தோட்டத்திலே, ஜேம்ஸ் டெய்லர் என்பார் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அன்று தொட்டு, கண்டிச் சீமையின் வாழ்வு சராசரி என்னும் எண்ணோடு பிணைந்தது. ஏக்கருக்கு என்ன விளைவு, ஆளுக்கு எவ்வளவு கொழுந்து என்பனவே தோட்டக் கணக்கின் உயிர்நாடி. ஆயின், சிலவற்றை மட்டும் அளந்துகொண்டு, முழுமையின் சராசரி பற்றிய கூற்றை ஏற்பதோ மறுப்பதோ எங்ஙனம்?

இதற்கு வழி கண்டவர் டப்ளின் நகரின் கின்னஸ் பியர் வடிசாலையில் பணிபுரிந்த வில்லியம் கொசெட். நிறுவனம் தன் ஊழியர் சொந்தப் பெயரில் எழுத இசையாமையால், 1908இல் ‘மாணவன்’ எனப் பொருள்படும் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் தம் முறையை வெளியிட்டார். இங்கிலாந்தில் ரொனால்ட் பிஷர் அதனை வளர்த்தார். பிஷருடன் பணியாற்றிய ஈடன் என்பவர் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்து, தேயிலைப் பரிசோதனைகளில் நேரும் வழுக்களைப் பற்றி 1931இல் ஆய்வுரை வெளியிட்டார்.

முறையை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு மலையில் சராசரியாக ஆளுக்கு 20 கிலோ கொழுந்து பறிக்கப்படுகிறது என்பது கூற்று. குலுக்கல் முறையில் தெரிந்த ஐவர் 14, 22, 17, 19, 18 கிலோ பறித்தனர் எனக் கொள்வோம். சராசரி 18. கூற்று பொய்த்தது எனலாமா? பொறுங்கள். எண்கள் தம்முள் எவ்வளவு சிதறியுள்ளன என்பதைக் காட்டும் நியம விலகலை ஐந்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால், நியம வழு ஏறக்குறைய 1.3 ஆகும். குறைந்துள்ள 2 கிலோ அதன் ஒன்றரை மடங்கே. ஐவரைக் கொண்ட மாதிரியில், வழக்கமான நூற்றுக்கு ஐந்து என்னும் வரம்பின்படி, 2.78 மடங்கைத் தாண்டினாலன்றிக் கூற்றை மறுத்தல் ஆகாது.

வேறு ஐவர் 18, 18, 17, 19, 18 கிலோ பறித்திருந்தால்? சராசரி அதே 18. நியம வழுவோ 0.32 மாத்திரமே. குறைவு அதன் ஆறு மடங்குக்கும் மேல். இங்கே கூற்று நில்லாது.

மறுக்க இயலாமை வேறு, மெய்ப்பித்தல் வேறு. முதல் ஐவரைக் கொண்டு 20 கிலோ உண்மையென நாட்டவும் இயலாது. இன்னும் பலரை அளத்தலே முறை. கைவேகம் மிக்கவரை மட்டும் பொறுக்கி அளந்தாலோ, எக்கணக்கும் உதவாது.

குறித்த அளவை எட்டாதவருக்கு அரைப்பேர் பதியும் வழக்கம் தோட்டங்களில் உண்டு. ஆகவே, சராசரி என்று ஓர் எண் முன்வைக்கப்படும்போது, எத்தனை பேரை அளந்தீர், எவ்வாறு தெரிந்தீர், எண்கள் எவ்வளவு சிதறின என மூன்று வினாக்களைக் கேட்பது நியாயம் நாடுவோர் கடன்.