உழக்கு நெய்யும் லிட்டர் கணக்கும்

திருக்கோயிற் கல்வெட்டுகளைப் பயிலும் அன்பர்கள், நுந்தா விளக்கொன்றுக்கு நாள்தோறும் உழக்கு நெய் என்னும் கட்டளையைப் பலவிடத்தும் காண்பர். அவ்வுழக்கு இக்காலத்து எத்தனை மில்லிலிட்டர் என்னும் வினா உடனே எழும். அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. குறுணியே மரக்கால் எனவும் வழங்கும். இவ்வாய்பாடு மாறாது நின்றது. மாறியது கலத்தின் கொள்ளளவே. ஊர்தோறும் மரக்கால் வேறுபட்டமையின், 1846இல் சென்னை மாகாண அரசு அதனை 800 கன அங்குலம் என வரையறுத்தது. அது 13.11 லிட்டர் ஆகும். அதனை எட்டாற் பகுப்பின் படியொன்று 1.64 லிட்டர், அதன் காற்கூறாகிய உழக்கு ஏறத்தாழ 410 மில்லிலிட்டர். எனவே 1 லிட்டர் இரண்டரை உழக்கிற்குச் சற்றுக் குறைவாம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி மெட்ரிக் அளவை நாடெங்கும் பரவ, படியும் உழக்கும் சட்ட வழக்கொழிந்தன.

ஆயின், இக்கணக்கைச் சோழர் கல்வெட்டின்மேல் அப்படியே ஏற்றுதல் பொருந்துமோ? பொருந்தாது. 1010இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், நெல்லளவைக் கூறுமிடத்து ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலைப் பெயர் சுட்டியே குறிக்கின்றன. கூத்தப்பிரான் திருப்பெயரே அளவைக்குப் பெயராயிற்று. எண்ணை மட்டும் எழுதினால், பின்வருவோர் சிறுகலத்தால் அளந்து அறத்தைக் குறைக்கக்கூடும். அளவையின் பெயரைப் பொறித்தமையால் அதற்கு வழி அடைபட்டது.

கலத்தின் கொள்ளளவு ஐயத்திற்கிடமாயினும், விகிதம் ஐயமற்றது. ஒரு விளக்கிற்கு 96 ஆடு, அன்றேல் 48 பசு, அன்றேல் 16 எருமை எனத் தஞ்சையில் வகுத்தனர். நாள் உழக்காக 365 நாளைக்கு 91 நாழி உழக்கு நெய். ஆகவே ஆடொன்றின் பங்கு ஆண்டுக்கு ஒரு நாழிக்கும் குறைவே. ஆடு காப்போரால் இயலாத சுமையை அவர் தலைமேல் ஏற்றிலர். ‘சாவா மூவாப் பேராடு’ என்றதும், இறந்தவற்றின் இடத்தைக் குட்டிகளால் நிரப்பி எண் குறையாது காக்க வேண்டும் என்னும் கருத்தினாலாம்.

ஆதலின், பழங்கட்டளையை லிட்டராக மாற்றுவோர், எக்காலத்து, எவ்வூர்க் கலம் என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். அது தெளியாவிடத்து உழக்கை உழக்கென்றே எழுதி வைத்தல் நன்று. பொய்யான நுட்பத்தினும் மெய்யான பழஞ்சொல்லே கொடுத்தவர் உள்ளத்தைக் காட்டும்.