கோவிந்துவின் பெயரில் ஒரு மலர்

நமது லுணுகலை மலைகளிற் காணும் செடிகொடிகள் யாவுக்கும் லத்தீன் பெயர்களுண்டு. அவற்றுட் சில வெள்ளைக்காரத் துரைமாரின் பெயரைத் தாங்கி நிற்பவை. கோவிந்து என்னும் சித்திரகாரரின் பெயரையும் ஒரு மலர் ஒருகால் தாங்கிற்று என்பதை நம்மில் அறிந்தோர் சிலரே.

ஸ்கொத்லாந்தினரான றொபேட் வைற் 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்தியராகச் சென்னை வந்தவர். தாவர ஆராய்ச்சியிற் பெருவிருப்புடைய அவருக்கு முதலில் ரெங்கையாவும், பின்னர் கோவிந்துவும் செடிகளைப் பார்த்து வரைந்து கொடுத்தனர். முதலிற் பென்சிற் கோடு. அதன்மேற் கெட்டியான நீர்வர்ணம். இலை நரம்பையும், பிளந்த பூவின் உள்ளுறுப்புகளையும் பெருப்பித்துக் காட்டினர். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த வைற்றின் ‘ஐக்கோனிஸ்’ நூலில் 2101 படங்கள். கல்லச்சில் வர்ணம் போயிற்று; கோடுகளே எஞ்சின. மூலச் சித்திரங்கள் பல எடின்பரோ தாவரத் தோட்டத்தில் உள்ளன.

நம் பேராதனைத் தோட்டத்திலும் ஹர்மானிஸ் டி அல்விஸ் பல்லாண்டு இப்பணி செய்தார், புதல்வரும் தொடர்ந்தனர்.

வைற் நன்றி மறவாதவர். படங்களின் அடியிற் சித்திரகாரர் பெயரையும் அச்சிட்டார். 1853இல் ஓர்க்கிட் இனமொன்றுக்குக் ‘கோவிந்தூயா’ எனப் பெயரிட்டார். உழைத்தவன் பெயர் செக்றோலுக்கு அப்பாற் செல்லாத தோட்டங்களிற் பிறந்த நமக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். பிற்காலப் பண்டிதர் அவ்வினத்தை ‘ட்ரொப்பிடியா’வுடன் சேர்த்துவிட்டனர், கோவிந்துவின் பெயர் வழக்கொழிந்தது.

ஆயினும் 2007இல் ஹென்றி நோல்ட்டி இச்சித்திரங்களைப் பற்றி எழுதி வெளியிட்ட நூலின் தலைப்பில், வைற்றின் பெயரோடு ரெங்கையா, கோவிந்து என்னும் பெயர்களும் உள்ளன.